எதிராளியின் வாயால் பேசச் சொன்னேன்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பர்மாவில் டாலா படகுத்துறையில் சைக்கா என்கிற மூன்று சக்கர சைக்கிள் ரிக்ஷாவை மிதித்தே சொந்தமாக வண்டிகள் வாங்கி வாடகைக்கு விட்டேன். தேக்குப் பலகையில் வீடும் கட்டினேன். பர்மாக்காரர்கள் மரியாதைக்கு வைக்கிற ‘ஊ’ என் பேருக்கு முன்னால் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. படகிலிருந்து இறங்குகிற யாரையும் கேளுங்கள், ஊ தண்டபாணி வீட்டைக் காட்டுவார்கள்.

எங்கள் சைக்கா ஸ்டாண்டுக்கு நான்தான் தலைவர். வழக்கு வந்தால் ஏழு பேர் உட்காருவோம். ஏழு பேரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்ப்பு. அதற்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறேன்: யாருக்கு எந்தப் பக்கம் மனசு சாய்கிறதோ, அவன் முதலில் மறுபக்கத்துக்காகப் பேச வேண்டும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. என் மண்டையில் உதித்தது.

போன மழைக்காலத்தில் நெல்சன் வழக்கு வந்தது. காய்கறி விற்கிற ஆவுடையம்மாளை ஏற்றிப் போகையில் கடைத்தெரு வளைவில் அவன் வண்டி கவிழ்ந்து, அந்தம்மாவுக்குக் கை முறிந்துவிட்டது. குடித்திருந்தான் என்று புகார். அது நிஜமானால் ஸ்டாண்டில் அவன் இடம் போய்விடும். வேறு பிழைப்பு அவனுக்குத் தெரியாது. அவன் பெண்சாதி அமலி ஸ்டாண்டுக் கொட்டகை வாசலிலேயே நின்றாள்.

“மூச்சுல வாடை அடிச்சுச்சு. இன்னும் என்ன பேச்சு? தூக்குங்க வெளிய!” என்று ஏழு பேரில் ஒருத்தனான சுப்பிரமணியம் குதித்தான்.

“சரிப்பா, இப்ப நீதான் நெல்சன். பேசு,” என்றேன்.

“நானா? அந்தக் குடிகாரனுக்கா?”

“சட்டம்னா சட்டம்தான்,” என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்துல் பாரி சிரித்தான்.

சுப்பிரமணியம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தான். “குடிச்சது முந்தின ராத்திரி. காலைல தொடல. போதைல இருந்தா அந்தம்மாவ நானே தூக்கி வச்சு ஆஸ்பத்திரிக்கு மிதிச்சிருப்பேனா? டாக்டர் வர்ற வரைக்கும் நின்னேனே! போதைல இருந்தவன் ஓடியிருப்பான்ல...” என்று இழுத்தவன் நெல்சனைத் திரும்பிப் பார்த்தான்.

“அட, நல்ல வக்கீலு கெடச்சுட்டான் நெல்சனுக்கு!” என்று பாரி மறுபடி சிரித்தான்.

“சிரிக்காத பாரி. உன் முறை,” என்றேன். அவன் நெல்சனுக்கு வேண்டியவன். இப்போது குற்றம் சாட்டியாக வேண்டும். தாடியைச் சொறிந்தான்.

“சரி, போதை இல்லேன்னே வச்சுக்குவோம். அப்ப ஏன் கவுந்துச்சு? அந்த வளைவுல தெனம் எல்லாரும்தான் போறோம்.”

எழுந்து போய் வண்டியைப் பார்த்தோம். பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது.

“உனக்குத் தெரியுமா?” என்று நெல்சனைக் கேட்டேன்.

“தெரியும் ஐயா. இன்னும் கொஞ்சம் ஓட்டிட்டு மாத்தலாம்னு...”

“இதுவும் தப்புதானே? தூக்கிரலாம்,” என்றார் எங்கள் ஏழு பேரில் மூத்தவரான சூசைராஜ்.

“அப்ப எல்லாரு பிரேக்கையும் இப்பவே பாத்துருவோமாண்ணே? ஒங்க வண்டிலேருந்து ஆரம்பிப்போம்,” என்றது வேறு யாருமில்லை, சுப்பிரமணியம்தான். சூசைராஜ் மெல்ல நகர்ந்து தன் வண்டியை மறைத்து நின்றார்.

போதையில் ஓட்டினான் என்பது பொய், தேய்ந்த பிரேக் மெய் என்று முடிவானது. அவன் இடம் போகாது. புதுப் பிரேக் போட்டு, கை கூடும்வரை ஆவுடையம்மாளைக் கூலியில்லாமல் ஏற்றிப் போக வேண்டும். ஏழு கைகளும் உயர்ந்தன. அமலி அழுதேவிட்டாள்.

கட்டுப் போட்ட கையோடு தீர்ப்புக் கேட்க வந்திருந்த ஆவுடையம்மாள் மட்டும் முறைத்தாள். “தீர்ப்பு நல்லாத்தான் இருக்கு. மொதல்ல நீங்க ஏறுங்க தலைவரே. கவுக்கலேன்னா நான் ஏறுறேன்.”

மறுநாள் புதுப் பிரேக் போட்ட நெல்சன் வண்டியில் ஏறினேன். கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. அந்த வளைவில் நெல்சன் பிரேக்கை அழுத்தினான். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. நான் இறங்கினேன். ஆவுடையம்மாள் கூடையை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.