சிறையில் விட்ட பெண்

நீங்கள் பொய்யர்கள். உங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டின் அடுத்த பாகம் மறுபடியும் தள்ளிப்போகிறது என்று இன்று அறிவித்திருக்கிறீர்கள். அறிவிப்பு வீடியோவின் பின்னணியில் விளையாட்டின் அந்தப் பழைய இசை வேறு. அதைக் கேட்டதும் சேற்று வாடை என் மூக்கில் ஏறியது.

அப்போது எனக்குப் பதிமூன்று வயது. பூதலூர் வீட்டில் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் கம்ப்யூட்டர். வயலிலிருந்து வரும் அப்பா காலைக்கூடச் சரியாகக் கழுவாமல் மூட்டைமேல் உட்கார்ந்து, நான் விளையாடுவதைப் பார்ப்பார். அரசனின் மகள் சிறையில் அடைபட்டதோடு அந்தப் பாகம் முடிந்தது.

"பாப்பா, அந்தப் பொண்ணு வெளிய வந்துருமா?"

"அடுத்த பாகத்துல தெரிஞ்சுரும்ப்பா. அடுத்த வருஷம்னு தேதி போட்டுட்டாங்க."

ஒவ்வொரு வருடமும் கேட்டார். ஒவ்வொரு வருடமும் இதையே சொன்னேன்.

"மேட்டூர்ல தண்ணி இல்லன்னா இல்லன்னு சொல்லிடுறாங்க. நாமளும் நெல்லுக்குப் பதிலா உளுந்தத் தெளிச்சிட்டுப் போறோம். இவனுங்க அதுகூட சொல்ல மாட்டேங்குறானுங்க. பேசாம நீயே ஒரு முடிவு சொல்லிடு பாப்பா" என்றார் ஒருநாள்.

"பொறுங்கப்பா" என்றேன். உங்களை நம்பித்தான் சொன்னேன். போன தை மாதம் அப்பா போய்விட்டார். கதையை நானே முடித்துச் சொல்ல ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

எனக்குப் புதுத் தேதி வேண்டாம். அந்தப் பெண் வெளியே வந்தாளா, இல்லையா? எல்லோரும் பார்க்கும்படி பதில் சொல்லுங்கள்.