தண்ணீருக்கு முன்னால் தின்ற மீன்

பஸ் ஏறப் புறப்படும்போது காஸ் சிலிண்டரை மூன்று தடவை திருகிப் பார்க்கிறவள் நான். அப்படிப் பார்த்த பிறகும் திருச்செங்கோட்டு மலை கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்ற பயம் இருந்துகொண்டே இருக்கும். அது எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் எனக்கு இடம் சொல்லத் தெரியும். பெங்களூரில், ஒரு வெள்ளைக்காரச் சாப்பாட்டுக் கடையின் மேசையில், ஒன்பது வயதில்.

அம்மாவின் தம்பி அந்தக் கடையில் சமையல் மாஸ்டராக இருந்தார். பப் என்பார்கள். இங்கிலாந்தில் பீரும் சாப்பாடும் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்குமாம், அதைப் பார்த்து அப்படியே கட்டினது. மோகனூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள், "தோசை மாஸ்டரா, புரோட்டா மாஸ்டரா மாப்ள?" என்று கேட்பார்கள். ரெண்டும் இல்லை என்றால், அப்புறம் என்னத்தைத்தான் சமைக்கிறான் என்று சிரிப்பார்கள். ஒரு தீபாவளிக்கு வந்தபோது மாமா எங்கள் அடுப்படிக்குள் போய் உருளைக்கிழங்கைக் கையில் எடுத்தார். அம்மா பிடுங்கி வைத்துவிட்டு, "நீ உக்காரு சாமி. அங்கதான் தெனமும் வெந்து சாகறயே" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் அவர் சமைத்ததில் ஒரு வாய்கூட எங்கள் வீட்டில் யாரும் தின்றதில்லை.

அப்பா போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். மாமாவின் கடையில் பழைய போர் வற்றிப்போய், அடுத்துப் போட்டதும் சொட்டுத் தண்ணீரில்லாமல் வெறும் புகையாகப் போய், டேங்கர் தண்ணீரும் ஒழுங்காக வராமல் ஒரு வாரமாக வியாபாரம் நின்றிருந்தது. இந்தத் தடவையும் தண்ணீர் இல்லையென்றால் கடையை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். மாமாதான் அப்பாவின் வண்டியை வரவழைத்தார். அம்மாவுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது, எனக்கோ பள்ளிக்கூட லீவு. வீட்டில் இருந்தால் அம்மாவைப் படுத்துவேன் என்று அப்பா என்னையும் லாரியில் ஏற்றிக்கொண்டார்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பூமியில் தேங்காய் உடைத்ததிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிற வரைக்கும், துளை போடுகிற இடத்துக்காரர் கையால் காப்பித் தண்ணிகூட வாங்கிக் குடிக்கமாட்டார். அவர் வண்டியில் வந்த யாரும் குடிக்கக் கூடாது. ஏன் என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பூமிக்குள் இருக்கிற ஏதோ ஒன்று கோபித்துக்கொள்ளும் என்று நானே வைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி ஆரம்பித்தார்கள். கடைக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடம். வாசலில் அழகுக்கு வைத்திருந்த சிவப்பு டெலிபோன் கூண்டு ஒரு மணி நேரத்தில் சாம்பல் கூண்டாகிவிட்டது. துளைக்குள் ராடுக்கு மேல் ராடு இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததெல்லாம் தூள்தான். தூள் நனைந்து சேறானால் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். லாரியின் நிழலில் உட்கார்ந்து, நனைந்துவிடு நனைந்துவிடு என்று அதனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

உச்சி வெயிலில் மாமா வந்தார்.

"உள்ள வா அம்முணி. ஒரு வாய் சாப்புட்டுப் போ."

"தண்ணி வந்தப்புறம் சாப்படறேனுங்க மாமா. அப்பா திட்டுவாருங்க."

"உங்கப்பன்கிட்ட நாஞ் சொல்லிக்கறேன். வா சாமி."

உள்ளே பட்டப்பகலில் இருட்டு. எல்லாம் மரம், எல்லாம் கருஞ்சிவப்பு. சுவரில் குதிரைப் படங்கள், குட்டி அம்பு எறிகிற வட்டப் பலகை, பித்தளைக் குழாய்கள் வரிசையாக நின்ற பீர் மேடை. அவ்வளவு குழாய் இருந்தும் கை கழுவ ஒரு சொட்டு இல்லை. பெங்களூர்க் குளிருக்குக் கணப்புகூட இருந்தது, நெருப்புக்குப் பதில் உள்ளே ஒரு சிவப்பு பல்பு. அத்தனை நாற்காலிக்கும் நான் ஒருத்திதான். மாமா ஒரு மேசையைத் துடைத்து, துணியை முக்கோணமாக மடித்து வைத்து, முள்கரண்டியை இடப்பக்கமும் கத்தியை வலப்பக்கமும் அடுக்கினார். குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனவர் திரும்பி வந்தபோது பித்தான் வைத்த வெள்ளைக் கோட்டும் உயரமான தொப்பியும் போட்டிருந்தார். யாரும் வராத கடையில் இது எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

தட்டில் என் முழங்கை நீளத்துக்கு மாவில் முக்கிப் பொரித்த மீன், விரல் தடிமனுக்கு உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி மசியல். வெளியே ரிக் இரைகிற இரைச்சலில் முள்கரண்டி தட்டில் கிடந்து நடுங்கியது. ஒரு துண்டு போதும் என்றுதான் எடுத்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை. கரண்டியை வைத்துவிட்டுக் கையாலேயே தின்றேன். மாமா எதிரில் உட்காராமல், பரிமாறுகிறவர்கள் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எப்பிடி இருக்குது அம்முணி?" என்றார்.

எண்ணெய் வாசம் அப்பாவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். முக்கோணத் துணியால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன்.

சாயங்காலம் ஆயிரத்து இருநூறு அடியில் நிறுத்தினார்கள். கடைசி வரைக்கும் தூள். முதலாளி காருக்குள் போய் உட்கார்ந்தார். அப்பா துளையின் வாயில் ஒரு மூட்டையைப் போட்டு மூடினார். மாமா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றார். நான் லாரிக்குள் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன். என் வயிற்றுக்குள் இருந்த மீன்தான் தண்ணீரை மறித்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடை மூடியது. மாமா பெட்டியோடு மோகனூருக்கு வந்து சேர்ந்தார், அப்புறம் எந்த அடுப்பிலும் நிற்கவில்லை. அவருக்குப் பேசி வைத்திருந்த பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். பிறந்த தம்பிக்குக் காமாலை வந்தது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எல்லாவற்றையும் அந்த மீனோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். பிற்பாடு கல்யாணமாகி, என் மகளுக்கு ஒன்பது வயதாகிற வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

போன தை மாதம் அப்பா வீட்டுக்கு வந்திருந்தபோது சொன்னேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"அட கிறுக்கே. காலையில அறநூறு அடியிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒரு வெடிப்பு இல்லாத பாற. உங்க மாமனக் கூப்புட்டு, இங்க இல்ல மாப்ள, மனசத் தேத்திக்கன்னு சொல்லிப்போட்டேன். மொதலாளிதான் கேக்காம இன்னும் போடு, இன்னும் போடுன்னாரு."

"அப்பறம் ஏனுங்கப்பா சாப்படக் கூடாதும்பீங்க?"

"அவிய சோத்தத் தின்னுபோட்டா, இங்க தண்ணி இல்லீங்க, நிறுத்திக்கலாம்னு சொல்ல வாய் வருமா கண்ணு? அதுக்குத்தான்."

பூமிக்குள் கோபக்காரர் யாரும் இல்லை. நான் ஒன்றையும் கெடுக்கவில்லை. இத்தனை வருஷப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு ராத்திரியும் எனக்குத் தூக்கம் வரவில்லை. தண்ணீர் இல்லை என்று காலையிலேயே தெரிந்துகொண்ட மாமாதான் உச்சி வெயிலில் வந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார். கையைவிட்டுப் போன வேலைக்குக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, அந்த அடுப்பில் கடைசியாக ஒரு தட்டு எனக்கென்று சமைத்திருக்கிறார். எதிரில் நின்று, எப்படி இருக்குது என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். எனக்கு வாயைத் துடைக்கத்தான் தெரிந்தது.