காதுகுத்தும் புதுக் கேமராவும்

மகளே, உன் காதுகுத்துப் படம் ஆல்பத்தில் இல்லாததற்கு நான்தான் காரணம்.

கிள்ளான் கோயிலில் நீ தாய்மாமன் மடியில் இருந்தாய். தானாகவே ஃபோக்கஸ் செய்யும் கேமராவைப் பிரிக்பீல்ட்ஸ் கடை ஒன்றில் புதிதாக வாங்கியிருந்தேன். உன் முகத்துக்கு ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் தூண், இரண்டு பக்கமும் உன் அத்தைமார். பட்டனை அழுத்தினால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடியதே தவிர, படம் விழவில்லை.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்று காது குத்த வந்த ஆசாரியிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன்.

"பாஸ், புள்ள ஊசிய பாத்துருச்சு லா. குத்தவா, வேணாமா?" என்றார் அவர்.

உன் மாமா, "மச்சான், காது குத்துறது கேமராவுக்கா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் ஊசியைப் பார்த்து நடுங்கினாய். எனக்கோ எழுந்து நகர இடமில்லை. படம் வேண்டாமென்று சொல்ல வெட்கமும் விடவில்லை.

கடைசியில் கேமராவைக் கீழே வைத்துவிட்டு உன் கண்ணைப் பொத்தினேன்.

"குத்துங்கண்ணே."

அந்த லென்ஸுக்கு இரண்டடியாவது தூரம் வேண்டும் என்று கடைக்காரர் பிறகுதான் சொன்னார். மாமாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லியிருந்தாலே போதும். அது தெரியாமல் உன்னை அவ்வளவு நேரம் ஊசிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டேன்.