பேங்க் வேலை பார்த்த அண்ணன்

என் மகள் பேசக் கற்றுக்கொண்டது என்னிடம் இல்லை. பிளெய்ன்ஸ்பரோவில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்து அக்காவிடம். காலை ஆறே முக்காலுக்குப் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு ரயில் பிடிக்க ஓடுவேன். மன்ஹாட்டன் அலுவலகத்தில், இரண்டாயிரமாவது வருடம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்களுக்குக் கிறுக்குப் பிடிக்காமல் இருக்கப் பழைய புரோகிராம்களைத் திருத்துவதுதான் அப்போது என் வேலை. திரும்பி வர ஏழு மணியாகும். அதற்குள் அவள் சாப்பிட்டு, குளித்து, "ஓம்", "இஞ்ச வாங்கோ" என்று வீட்டை ஆண்டுகொண்டிருப்பாள். திருநெல்வேலிக்காரி பெற்ற யாழ்ப்பாணத்துப் பெண் என்று என் கணவர் கேலி செய்வார்.

அக்காவிடம் விடுவதற்கு முன் இரண்டு டேகேரில் விட்டுப் பார்த்திருந்தோம். இரண்டிலும் அழுது அழுது காய்ச்சலில் விழுந்தாள். அக்காவின் மடியில் முதல் நாளே தூங்கிவிட்டாள். கிரீன் கார்டு விண்ணப்பம் கம்பெனி கையில் இருந்ததால் நான் வேலையை விடவும் முடியாது. ஆக, அந்த அக்கா இல்லாவிட்டால் எங்கள் குடும்பம் இல்லை. அது அவருக்குத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் வாரத்திலேயே அவர் தன் அப்பா இறந்த கதையைச் சொன்னார். இந்தியாவிலிருந்து படை வந்திருந்த காலம். ஊரடங்கு. அப்பாவுக்கு நெஞ்சுவலி. காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் சோதனைச் சாவடியில் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது உயிர் இல்லை. இதை அவர் அழாமல், பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டே சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, உங்கள் கூடப்பிறந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

எனக்கு ஒரே அண்ணன். அவன் ராணுவத்தில் கேப்டன். அந்தப் படையோடு போய் ஒன்றரை வருடம் அங்கே இருந்தவன்.

"அண்ணன் பேங்க்ல வேலை பாக்கறான்க்கா" என்றேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. பொய் சொல்ல எனக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டு வருடம் அந்தப் பொய் சும்மா கிடந்தது. தொண்ணூற்றொன்பது வசந்தத்தில், அண்ணன் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று மூன்று வாரம் எங்களோடு இருக்க வந்தான். நூவர்க் விமான நிலையத்திலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் ஓடி வந்து, "மாமா, இஞ்ச வந்து இருங்கோ" என்றாள். அண்ணன் பெட்டியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றான்.

"இவளுக்கு யாருட்டி இந்தப் பேச்சு கத்துக்குடுத்தது?"

சொன்னேன். பேங்க் விஷயத்தையும் சொன்னேன். அவன் என்னை நன்றாகப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். எந்த பேங்க், எந்த பிராஞ்ச் என்று மட்டும் கேட்டான். அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

ஊரிலிருந்து யார் வந்தாலும் தெரிந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் கூப்பிட்டு ஒரு வேளை சாப்பாடு போடுவது எங்கள் குடியிருப்பில் எழுதாத சட்டம். மறுத்தால் மனத்தாங்கல். அக்கா முதல் நாளே கூப்பிட்டுவிட்டார். ஜெட் லாக் என்றேன். அடுத்த வாரம் நயாகரா என்றேன். அதற்கடுத்த சனிக்கிழமை கோயில். என்னிடம் இருந்த சாக்குகள் தீர்ந்தபோது அண்ணன் கிளம்ப நான்கு நாள் இருந்தது. ஞாயிறு மத்தியானம் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். அண்ணனிடம் கெஞ்சினேன். வாயைத் திறக்காதே, பிள்ளையை நினைத்துக்கொள் என்றேன். "உன் வீடு, உன் சட்டம்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை இஸ்திரி போட்டான். ராணுவத்துக்காரன் மாதிரி மடிப்பு வைக்காதே என்று அதற்கும் சண்டை போட்டேன்.

அக்கா இடியப்பம், சொதி, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல் என்று மேஜையை நிறைத்திருந்தார். அவர் கணவர் பக்கத்து மருந்துக் கம்பெனி ஒன்றில் ஆராய்ச்சி வேலையில் இருந்தவர். நல்ல மனிதர், ஆனால் வாய் ஓயாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் போடும் டெபாசிட்டுக்கு இப்போது என்ன வட்டி என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் முழித்தான். அவன் லோன் பிரிவு என்று நான் குறுக்கே விழுந்தேன். என் கணவர் தட்டைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதங்களில் எப்போது போட்டாலும் கொசோவோதான். விமானங்கள், புகை, டிராக்டரில் ஏறி ஊரைவிட்டுப் போகும் கிழவர்கள். பேச்சு அங்கே போய் நின்றது. அடுத்த நாட்டுச் சண்டையில் தலையிட இவர்கள் யார் என்றார் என் கணவர். அக்காவின் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. குண்டு போடுகிறவன் நல்லவனா கெட்டவனா என்பது சாகப்போகிறவனுக்கு முக்கியமில்லை, யாராவது வந்தால் போதும், எங்களுக்கும் இப்படி யாராவது வந்திருந்தால் என்றார்.

"வந்தவைதானே" என்றார் அக்கா.

இந்தியப் படையைத்தான் சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. எண்பத்து மூன்றில் கல்லூரியிலிருந்து ஊர்வலமாகப் போய், இலங்கைக்குப் படையை அனுப்பு என்று தொண்டை கிழியக் கத்தியவள் நான். நாங்கள் கத்தியதற்காகத்தான் அனுப்பினார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் கத்தினேன். நான்கு வருடம் கழித்துப் போனவன் என் அண்ணன்.

அக்கா பேசிக்கொண்டே போனார். அவர்கள் வந்த அன்று ஊரே தெருவில் நின்றதாகவும், தானும் ஒரு சிப்பாய்க்கு மாலை போட்டதாகவும் சொன்னார். பிறகு அப்பாவின் கதைக்கு வந்தார். எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என்னிடம் சொல்லாத ஒன்று அதில் இருந்தது.

"மறிச்சவன் தமிழன். தமிழிலதான் திரும்பிப் போங்கோ எண்டவன். ஹிந்தியில கத்தியிருந்தா நான் இண்டைக்கு மறந்திருப்பன்."

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினான். நான் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று எப்படியெல்லாம் காட்ட முடியுமோ அப்படியெல்லாம் காட்டினேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் பேங்க்ல வேலை பாக்கலம்மா" என்றான். "நானும் அங்கதான் நின்னேன்."

தான் நின்றது சாவகச்சேரிப் பக்கம் என்றான். தமிழ் தெரியும் என்பதாலேயே தன்னைச் சாவடியில் நிறுத்தினார்களாம். ஒரு நாள் ஊரடங்கு நேரத்தில் ஒரு வேன் வந்தது. உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி. ஆஸ்பத்திரி என்றார்கள். அவள் முகத்தைப் பார்த்து இவன் விட்டுவிட்டான். மறுநாள் அதே சாலையில் கண்ணிவெடியில் இவனுடைய ஆட்கள் மூன்று பேர் செத்தார்கள். விசாரித்ததில் வெடி அந்த வேனில்தான் வந்தது என்று தெரிந்தது.

"வலி வந்த பொண்ணும் நெசம், சீட்டுக்கு அடியில இருந்ததும் நெசம். அதுக்கப்புறம் நான் யாரையும் விடல."

தன் அப்பாவைத் திருப்பியது கோப்பாயில் என்று அக்கா சொன்னார். அப்படியானால் அது என் அண்ணன் இல்லை. எனக்கு மூச்சு வந்தது. கடவுளே, இதோடு முடித்துக்கொள் என்று மனதுக்குள் அவனிடம் சொன்னேன். நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பிடிவாதக்காரன் சொல்லவில்லை.

"கோப்பாய்ல நான் நின்னிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்."

அக்காவின் கணவர் எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். நாளைக் காலை பிள்ளையை எங்கே விடுவது என்றும் அந்த நேரத்திலேயே நினைத்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா அண்ணனின் தட்டைப் பார்த்தார். பிறகு எழுந்து இரண்டு இடியப்பத்தை எடுத்து அதில் வைத்துச் சொதி ஊற்றினார். "கை காயுது, சாப்பிடுங்கோ" என்றார். அண்ணன் குனிந்து சாப்பிட்டான். அவன் கண்ணில் நீர் வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்து "போட்டு வாங்கோ" என்று அவனை வழியனுப்பினார். என்னைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை, கதவைத் திறப்பாரா என்ற பயத்தோடு கீழே இறங்கினேன். மணி அடித்ததும் திறந்தார். பிள்ளை என் கையிலிருந்து நழுவி உள்ளே ஓடியது. இரவெல்லாம் மனதில் கோத்து வைத்திருந்ததைக் கொட்டினேன். அவர் அப்பாவைப் பற்றிச் சொன்ன அன்று எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, பிறகு சொல்ல நேரம் அமையவில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாட்டீர்களோ என்று பயந்துவிட்டேன், அவன் பாவம், மேலதிகாரிகள் போட்ட ஆர்டர்படி செய்தான், அவன்மேல் கோபம் வேண்டாம் என்றேன். நான் முடிக்கும்வரை அவர் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

"அண்ணாவில எனக்குக் கோவம் இல்ல. அவருக்கு ஓடர் இருந்தது" என்றார். "ரெண்டு வருசமா என்ர வீட்டுக்குள்ள வந்து போனீங்கள். தங்கச்சி, உங்களுக்கு ஆர் ஓடர் போட்டது?"

அதன் பிறகும் மகள் பள்ளிக்கூடம் போகும்வரை ஒன்றரை வருடம் அக்காதான் அவளைப் பார்த்துக்கொண்டார், ஒரு குறையும் வைக்கவில்லை. என்னிடம் அவர் பேசியதெல்லாம் பிள்ளை என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்குத் தூங்கியது என்பது மட்டும்தான்.