காளை ஹவுஸ் கேடயம்

தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். அதன் கமிட்டி ரூமில் ஒருவர் என் மார்க்கரை எடுத்து, நான் வரைந்து வைத்திருந்த கேடயத்துக்குத் தன் கையாலேயே கலர் அடித்தார். மேஜையைச் சுற்றி இருந்த யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. எம்பளம் வரையும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் பேப்பரைப் பற்றிக் கேட்கிறார்கள், மார்க்கரைப் பற்றிக் கேட்கிறார்கள். இப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்டதில்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

1. வேலை

கோயம்புத்தூரில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் ரொம்ப காலம் ஆர்ட்டிஸ்டாக இருந்தேன். இப்போது உக்கடத்தில் என் வீட்டு முன்னறையிலேயே வேலை. பள்ளிக்கூடம், கிளப், சர்ச், மில் என்று யார் கேட்டாலும் கேடய எம்பளம் வரைந்து கொடுக்கிறேன். நடுவில் கேடயம், அதற்குள் ஒரு மிருகமோ மரமோ, மேலே கிரீடமோ விளக்கோ, கீழே ரிப்பன், ரிப்பனில் ஒரு வாசகம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி பேட்ஜும் கொடியும் அடிப்பது வேறு ஆட்களின் வேலை. முதல் படம் கையால்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஃப்ரேம் போட்டு ஆபீஸில் மாட்டுவார்கள்.

முதலில் பென்சிலில் ஸ்கெட்ச். அதன் மேல் கறுப்பு ஃபைன்லைனர் பேனாவில் கோடு. பென்சிலை அழித்துவிட்டு மார்க்கரில் தட்டையாக ஒரு பூச்சு. காய்ந்த பிறகு கலர் பென்சிலால் நிழல். மார்க்கர் மை பேப்பரில் ஊறிப் பரவும் என்பதால் கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளேயே கையை நிறுத்த வேண்டும். மை தானாக நகர்ந்து வந்து கோட்டைத் தொடும். நிறுத்தத் தெரியாதவர் அடித்தால் கோட்டைத் தாண்டிப் போய்விடும். அப்புறம் அழிக்க முடியாது.

கேடயத்துக்குப் பழைய விதி ஒன்று உண்டு. அடர்ந்த கலரை ஒட்டி இன்னொரு அடர்ந்த கலர் வரக்கூடாது. நடுவில் வெள்ளையோ மஞ்சளோ வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குப் பிரிந்து தெரிவதற்காக.

அந்தப் பள்ளியின் எச்.எம். விமலா மேடம்தான் போனில் கூப்பிட்டார். மாணவர்களை நான்கு ஹவுஸாகப் பிரித்திருக்கிறோம், காளை, மயில், யானை, மான், விளையாட்டு விழாவுக்கு முன்னால் நான்கு கேடயமும் வேண்டும் என்றார். கடைசியில் ஒன்று சொன்னார்.

"ஒரு கேடயத்துக்கு ஒரே கலர் போதுங்க மேடம். ரெண்டு கலர் சேர்த்துப் போட்டுடாதீங்க."

காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். போன வருஷம் பையன்கள் கையில் இரண்டு கலர் நூலை முறுக்கிய கயிறு கட்டிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார்கள். இன்ன இரண்டு கலர் என்றால் இன்ன ஆட்கள் என்று அர்த்தம். ஒரு சாயங்காலம் ஸ்கூல் பஸ்ஸில் அதை வைத்தே சண்டை வந்து, ஒரு பையனுக்குக் கை உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் எல்லாக் கயிற்றையும் கழற்ற வைத்தார்.

அந்த இரண்டு கலரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஊருக்கு ஊர் கலர் மாறும். விஷயம் ஒன்றுதான்.

2. வீட்டுக்கு வந்தவர்

மயிலும் யானையும் முடிந்து, மானுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் வாசலில் கார் நின்றது.

"ஏனுங்க அம்மணி, உள்ள வரலாமுங்களா?"

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அறுபதுக்குப் பக்கம் வயது. பள்ளிக் கமிட்டியில் இருக்கிறேன், சிவசாமி என்றார். விலாசத்தைப் பள்ளியில் வாங்கிக்கொண்டு வந்தாராம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை வாங்கி மேஜையில் வைத்தார். முடிந்த படங்களைப் பார்த்து, மயில் ரொம்ப நல்லா வந்திருக்கிறது என்று மனதாரத்தான் சொன்னார். பிறகு கேட்டார்.

"அம்மணிக்குப் பூர்வீகம் எந்த ஊருங்க?"

"காங்கயம் பக்கமுங்க."

"காங்கயத்துப் பக்கம் எங்கீங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அங்க சர்ச்சுக்குப் பக்கத்துல இருக்கற வீதிங்களா?"

"ஆமாங்க."

சிரித்துத் தலையை ஆட்டினார். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில்தான் என் தாத்தா பண்ணையத்துக்கு, வருஷக் கூலிக்கு, இருந்தார். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. டம்ளர் வைத்த இடத்திலேயே, தண்ணீர் குறையாமல் இருந்தது.

"காளை ஹவுஸுக்கு மட்டும் ஒரு சின்ன மாத்தமுங்க" என்று என் மார்க்கர் டப்பாவைப் பார்த்து விரலை நீட்டினார். "இதுவும் இதுவும். கேடயத்துல பாதிக்குப் பாதி. நடுவுல காளை நிக்கோணும்."

அதே இரண்டு கலர். தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு என் தொழில் விதியைச் சொன்னேன். அடர்ந்த கலரும் அடர்ந்த கலரும் ஒட்டக்கூடாதுங்க, தூரத்தில் இருந்து பார்த்தால் எடுபடாதுங்க என்றேன். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்படியுங்களா. அப்ப நடுவுல ஒரு வெள்ளக் கோடு போட்டுப்போடுங்க. உங்க ரூலும் நின்ன மாதிரி ஆச்சு, எங்க ஆசையும் நின்ன மாதிரி ஆச்சு."

என்னிடம் வேறு விதி இருக்கவில்லை. பாக்கலாமுங்க என்றேன். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஊடு தெரிஞ்சு போச்சுங்க. பக்கத்துல வந்தா மறுக்கா எட்டிப் பாக்கறேன்."

கடைசி வரை குரலை உயர்த்தவே இல்லை. ஒரு வார்த்தைகூட மரியாதைக் குறைவாக வரவில்லை. கார் போன பிறகு மானை எடுத்தேன். கலர் பென்சில் முனை இரண்டு தரம் உடைந்தது. எடுத்து வைத்துவிட்டேன்.

3. போன்கள்

மறுநாள் தாளாளர் நாச்சிமுத்து கூப்பிட்டார். பள்ளியை நடத்துகிறவர். கெட்டவர் இல்லை.

"மேடம், அவரு கேக்கற மாதிரி போட்டுக் குடுத்துருங்க. புள்ளைங்க வெளையாடற கிரவுண்டு அவரோட நெலமுங்க. நாளைக்கே கம்பி வேலி போட்டுப்போட்டார்னா நான் எங்கீங்க போவேன்?"

"எச்.எம். மேடம் ஒரே கலர்தான்னு சொல்லியிருக்காங்களே."

"அவங்க ரூல்ஸ் பேசுவாங்க. ஊருக்குள்ள இருக்கறது நானுங்களே."

போனை வைத்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லி வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எனக்கு அந்த ஊரில் யாரும் இல்லை. பஸ் ஏறி வந்துவிட்டால் முடிந்தது. ஆனால் நான் விட்டால் இன்னொருவர் வரைவார். அது தெரிந்தும் விடலாம் என்றுதான் பாதி மனது சொன்னது. விமலா மேடத்துக்கு போன் போட்டேன், அநேகமாக விட்டுவிடுவதற்காகத்தான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"காளையை மட்டும் கலர் போடாம கொண்டு வாங்க. கமிட்டியில எல்லார் முன்னாடியும் வெச்சுப் பேசிக்கலாம். நீங்க வந்தா எனக்கு ஒரு துணை."

துணை என்று அவர் சொன்ன பிறகு என்னால் மறுக்க முடியவில்லை.

4. கமிட்டி ரூம்

நீளமான மேஜை. ஒரு முனையில் தாளாளர், பக்கத்தில் சிவசாமி. எதிரே விமலா மேடம், அவருக்கு அடுத்து நான். மற்றவர்கள் பெற்றோர்கள்; அதில் சிலர் சிவசாமியோடு வந்தவர்கள். கடைசி நாற்காலியில் ஒருவர் கைகளை மடியில் வைத்துக் குனிந்தபடி இருந்தார். பஸ்ஸில் கை உடைந்த பையனின் அப்பா ஆறுமுகம் என்று மேடம் காதோடு சொன்னார்.

மூன்று கேடயங்களை எடுத்து வைத்தேன். எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். பிறகு காளையை வைத்தேன். திமிலும் கொம்பும் கறுப்புக் கோட்டில் முடிந்திருந்தன. பின்புலம் வெள்ளையாகவே இருந்தது.

"இது முடியலீங்களே" என்றார் சிவசாமி.

"கலர் முடிவாகலைங்க."

"முடிவாச்சுங்களே. ஊட்டுக்கு வந்து சொல்லிப்போட்டுத்தான வந்தேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளைக் கோட்டைப் பற்றி, கொடியில் அச்சு ஏறாது என்பதைப் பற்றி ஏதாவது சொல்லித் தப்பிக்க வாய் வரை வந்தது. அவர் அதற்கும் ஒரு வழி சொல்வார் என்று தெரிந்தது.

"இந்த ரெண்டு கலரும் சேர்ந்து வந்தா என்ன அர்த்தம்னு இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியுமுங்க" என்றேன். "எனக்கும் தெரியும். தெரியாத மாதிரி என்னால வரைய முடியாதுங்க."

தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிவசாமிக்கு முகம் மாறவில்லை.

"அம்மணிக்குக் கை வரலைன்னா பரவால்லீங்க" என்றார். "நானே அடிச்சுக்கறேன்."

எட்டி என் டப்பாவிலிருந்து ஒரு மார்க்கரை எடுத்தார். படத்தைத் தன் பக்கம் இழுத்து, மூடியைத் திறந்து, காளையின் இடப்பக்கம் அடிக்க ஆரம்பித்தார். அடிக்கும் சத்தம் கீச் கீச்சென்று கேட்டது. அவசரப்படவில்லை. மை கேடயத்தின் கோட்டைத் தாண்டியது. காளையின் முதுகுக்குள் ஏறியது. திமிலின் பாதி அந்தக் கலராகிவிட்டது. நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் மார்க்கரை வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார். கடைசி நாற்காலியில் ஆறுமுகம் தலையைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் தோளில் கை வைத்து அழுத்தினார். அந்த அறையில் அடுத்து என்ன நடக்கும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது எனக்கு.

வலப்பக்கமும் முடிந்தது. நடுவில் வெள்ளைக் கோடு விடவில்லை. இரண்டு மையும் ஒன்றோடொன்று கலந்து அழுக்காக நின்றன.

"இதப் பாத்து அடிச்சுக்கச் சொல்லுங்க" என்று தாளாளரிடம் நகர்த்தினார்.

விமலா மேடம் எழுந்தார். சட்டைப் பையில் பேனா வைத்திருந்த ஒரு பெற்றோரிடம் அதைக் கேட்டு வாங்கி, சிவசாமி முன்னால் வைத்தார்.

"கீழே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க சார்."

"எதுக்குங்க?"

"ஃப்ரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டப் போறோம். இந்தக் கலரை யாரு தேர்ந்தெடுத்ததுன்னு பிள்ளைங்க கேக்கும், இன்ஸ்பெக்ஷனுக்கு ஆபீசர் வந்தா கேப்பாங்க. உங்க பேரச் சொல்லணுமில்லீங்களா?"

அவர் பேனாவைப் பார்த்தார். தாளாளரைத் திரும்பிப் பார்த்தார். தாளாளர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. மேஜையைச் சுற்றிப் பார்த்தார். அவரோடு சேர்ந்து வந்தவர்கள்கூடச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மார்க்கருக்கு மூடியைப் போட்டார். "ஒரு படத்துக்கு இத்தனை பேச்சுங்களா" என்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். பேனா அங்கேயே கிடந்தது.

5. பஸ் ஸ்டாண்டு வரை

ஆறுமுகம் தன் மொபெட்டில் என்னைத் தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டார். நான் இறங்கிய பிறகு சொன்னார்.

"எம்பையன் காளை ஹவுஸுதானுங்க. சீட்டுக் குலுக்கிப் போட்டதுல அதுல வந்துட்டான்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். எந்தக் கலருக்காக அவன் கையை உடைத்தார்களோ, அதே கலரை அவன் தினமும் நெஞ்சில் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்திருக்கும். நான் வரைந்த காளையோடு.



6. பிறகு

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த வாரமே கிரவுண்டுக்கு வேலி விழுந்தது. விளையாட்டு விழா தள்ளிப்போய், அரசுப் பள்ளி மைதானத்தைக் கேட்டு வாங்கி நடந்தது. காளையைப் புது அட்டையில் மறுபடி வரைந்து, ஒரே கலரில் கொடுத்தேன். அந்தக் கேடயம்தான் காளை ஹவுஸ் கொடியில் ஏறியது. தாளாளர் அப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை. விமலா மேடம் அடுத்த வருஷம் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். தானாகப் போனாரா, போகச் சொன்னார்களா என்று கேட்டேன். அதை விடுங்க மேடம் என்றார்.

சிவசாமி கையெழுத்துப் போடாமல் போனதை ரொம்ப நாள் யோசித்தேன். கலர் அடிக்க அவருக்குத் தெரியும், அடித்தும் காட்டினார். ஆனால் அது அவர் அடித்ததாக இருக்கக்கூடாது. வெளியூர் ஆர்ட்டிஸ்ட், அதுவும் சர்ச்சுக்குப் பக்கத்து வீதியில் இருந்து வந்த ஒருத்தி, தானாகப் போட்ட கலராக இருக்க வேண்டும். நாளைக்கு யாராவது கேட்டால், அவங்க ஆளே வரைஞ்சு குடுத்ததுதானுங்களே என்று சொல்லிவிடலாம். என் ஊரை அவ்வளவு தூரம் துருவிக் கேட்டது அதற்குத்தான்.

இப்போது எம்பளம் வேண்டும் என்று யார் வந்தாலும், மிருகம், கலர், வாசகம் எல்லாம் அப்புறம். இதை யார் மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று முதலில் கேட்கிறேன். போன மாதம் சரவணம்பட்டியில் ஒரு காலேஜ்காரர், வரையறதுக்கு அதெல்லாம் எதுக்குங்க என்று சலித்துக்கொண்டார். எனக்குத் தெரியோணுமுங்க என்றேன். அவர் சொல்லும் வரை மார்க்கர் டப்பாவைத் திறக்கவில்லை.