கைச் சுற்றளவு

என் மாமனாரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நடந்ததைக் கேட்பவர்கள் என்னைப் பெரிய பாசக்காரி என்று நினைத்துவிடுகிறார்கள். தஞ்சாவூர் கீழவாசலில் நான் தையல் கடை போட்டபோது, ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறவள்தான் என் வீட்டு மருமகளா என்று உறவுக்காரர்கள் நடுவில் கேட்டவர் அவர். அதன் பிறகு ஒன்பது வருடம் அந்தக் கடைப் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

போன வருடம் குறுவை நடவு சமயத்தில் வரப்பில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்தும் எழுந்து நிற்க முடியவில்லை. மாமியார் எப்போதோ போய்விட்டார். என் கணவர் மஸ்கட்டில், நாத்தனார் சென்னையில். அவரைத் தூக்கி உட்காரவைக்கவே இரண்டு ஆள் வேண்டும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு முதியோர் இல்லம் இருந்தது. அங்கே ஆறு கட்டில் போட்ட ஓர் அறையில் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு முதல் ஆறு வரை பார்க்கலாம். நான் போவேன். எதிரே உட்காருவேன். வயலைக் குத்தகைக்கு எடுத்தவன் உரம் போட்டானா என்று கேட்பார், போட்டான் என்பேன். அவ்வளவுதான் பேச்சு. நாலாவது மாதம் அவருக்கு இரண்டு அரைக்கைச் சட்டை தைத்து எடுத்துப் போனேன். வீட்டில் இருந்த பழைய சட்டையின் அளவுதான். மாட்டிவிட்டுப் பொத்தானைப் போட்டால் கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் என் நாலு விரல் போனது. தோள்பட்டைத் தையல் பாதிக் கையில் தொங்கியது. பையிலிருந்து டேப்பை எடுத்து மார்பை அளந்தேன். நாலு அங்குலம் குறைந்திருந்தது.

வார்டன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். வயதானால் சுருங்கத்தான் செய்வார்கள் என்றார். மாதாமாதம் எடை பார்க்கிறோம் என்று ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். என் மாமனார் பெயருக்கு நேரே ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு என்று எழுதியிருந்தது. மற்ற ஐந்து பேருக்கும் அப்படித்தான். ஒருவருக்குக்கூட அரை கிலோ ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எடை பார்க்கும் மெஷின் எங்கே என்று கேட்டேன். ஏறி நிற்கிற மெஷின் ஒன்று பீரோவுக்கு அடியில் கிடந்தது.

"அவரால நிக்கவே முடியாதே. எப்படிங்க பாத்தீங்க?"

வார்டன் நோட்டை மூடினார். "நம்பிக்கை இல்லன்னா வேற இடம் பாத்துக்கங்க."

"அளவெடுக்காம நான் துணியை வெட்டினா என் மூஞ்சியிலயே வீசிட்டுப் போவாங்க. நீங்க ஆறு மனுசங்களுக்கு இதைச் செஞ்சிருக்கீங்க."

அன்றைக்கு ஆரம்பித்த பகை அது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே போனேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாருங்கள் என்று வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. திறக்காவிட்டால் மற்ற ஐந்து வீட்டுக்கும் இங்கேயே நின்று போன் போடுவேன் என்றேன். எனக்கு அவர்கள் நம்பர் ஒன்றுகூடத் தெரியாது. திறந்துவிட்டார்கள்.

பன்னிரண்டேகாலுக்குச் சாப்பாடு வந்தது. காய் எது பருப்பு எது என்று தெரியாமல் குழைத்த சாம்பார் சாதம், அதுவும் ஆறிப்போயிருந்தது. ஆறு பேருக்கும் ஒரே ஓர் ஆயா. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு பேருக்கு ஊட்டி முடிக்கவே அவளுக்கு நேரம் போதவில்லை. என் மாமனாரின் தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சாய்ந்து படுத்திருந்தவருக்கு அது எட்டவில்லை. நான் நகர்த்தி வைத்தேன். நாலு வாய் எடுத்தார். மென்றபோது முகம் சுளித்தது. பல்செட் எங்கே என்று கேட்டால் அலமாரிக்கு மேலே ஒரு டப்பாவைக் காட்டினார். ஈறு வற்றிப்போய் அது குத்துகிறதாம். மாட்டியே இரண்டு மாதமாகிவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டார். ஆயா வந்து எடுத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த அட்டையில் அவர் பெயருக்கு நேரே 'சாப்பிட்டார்' என்று எழுதினாள்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர் சாதத்தைப் பிசைந்து நீட்டினேன். வேண்டாம் என்றார். பசிக்கவில்லையா என்று கேட்டேன். மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னார்.

"பசிக்குது. சாப்பிட்டா போகணும். போகணும்னா கூப்பிடணும். கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்க. போன மாசம் துணியிலயே போயிட்டு முக்கால் மணி நேரம் கிடந்தேன்."

நடவுக்கு வந்த இருபது பேரை வரப்பில் நின்று ஒரே அதட்டலில் வேலை வாங்கிய மனிதர். பெட்பேன் கேட்கக் கூசி, தன் சோற்றையும் தண்ணீரையும் தானே குறைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். எனக்குப் பரிதாபம் வரவில்லை. அந்த வார்டன்மேல் வந்த ஆத்திரம் அவர்மேலும் வந்தது.

"வாரா வாரம் வந்து உக்காந்துட்டுப் போறேனே மாமா. இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்கிட்டயா?" என்றார்.

இரவு நாத்தனாருக்குப் போன் செய்தேன். பெரிது பண்ணாதீர்கள் அண்ணி, வெளியே அனுப்பிவிட்டால் அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்றாள். நீ வைத்துக்கொள் என்றேன். போனை வைத்துவிட்டாள். என் கணவரும் பொறுமையாகப் பேசு என்றுதான் சொன்னார். மஸ்கட்டில் இருந்துகொண்டு பொறுமையாக இருப்பது சுலபம்.

எனக்குத் தெரிந்தது ஒரு வேலைதான். அடுத்த ஞாயிறு ஆறு பேரிடமும் கேட்டுக்கொண்டு, முழங்கைக்கு மேலே கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, கடையில் ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டில் குறித்தேன். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த வாத்தியார் ஒருவர்தான், எதற்கம்மா, எனக்கும் சட்டை தைக்கப் போகிறாயா என்று சிரித்தார். நாலு வாரம் தொடர்ந்து அளந்தேன். நாலு பேருக்குக் குறைந்துகொண்டே வந்தது. வாத்தியாருக்குத்தான் அதிகம். மூன்றாவது வாரம் வார்டன் வந்து டேப்பைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றதை அந்த ஆறு பேரும் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை தோறும் இல்லத்துக்கு ஒரு டாக்டர் வருவார், சின்ன வயது. வாசலில் காத்திருந்து, அவரோடு உள்ளே போய் நோட்டை அவர் கையில் கொடுத்தேன். வாங்கும்போது அவசரமாகத்தான் வாங்கினார். இரண்டாவது பக்கத்தைப் புரட்டியதும் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒவ்வொரு கட்டிலாகப் போய்த் தானே கையைப் பிடித்துப் பார்த்தார். வார்டனைக் கூப்பிட்டு அந்த எடை நோட்டையும் கேட்டு வாங்கினார். அங்கே வைத்தே வார்டனிடம் அவர் கேட்ட கேள்விகளை நான் ரசித்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

உட்கார்ந்தபடி எடை பார்க்கும் நாற்காலி ஒன்று வந்தது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஒவ்வொருவரையும் கேட்டுப் பெட்பேன் வைக்க வேண்டும் என்றும், மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும் என்றும் டாக்டர் எழுதிக் கொடுத்தார். முட்டை, நெய், சத்துமாவுக் கஞ்சி சேர்ந்தன. அறைக்கு இன்னோர் ஆயா வந்தாள். பல்செட்டை நான் மன்னார்குடிக்கு எடுத்துப் போய்ச் சரிசெய்து வந்தேன். நாற்காலியில் முதல் தடவை உட்காரவைத்தபோது என் மாமனாரின் எடை நாற்பத்தேழு. ஐம்பத்தெட்டு என்று எழுதப்பட்டிருந்த மனிதர்.

வாத்தியாருக்கு அந்த நாற்காலியில் உட்காரக் கொடுத்துவைக்கவில்லை. அது வருவதற்கு நாலு நாள் முன்னால் சளி பிடித்துப் போய்விட்டார். உடம்பில் தெம்பே இல்லை என்றார் டாக்டர். அவர் மகன் வந்து, அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்று வார்டனைக் கும்பிட்டுவிட்டுப் போனானாம். நான் அங்கே இருந்திருந்தால் நோட்டைக் காட்டியிருப்பேன்.

தை மாதத்தில் என் மாமனார் ஐம்பத்திரண்டுக்கு வந்தார். எடை ஏற ஏறப் பழைய வாயும் திரும்பி வந்தது. ரசத்தில் புளிப்பு இல்லை, கஞ்சி தண்ணியாக இருக்கிறது, புதுச் சட்டையின் பை கோணல் என்றார். பை கோணல் இல்லை. போன ஞாயிறு தயிர் சாதத்தைத் தானே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தினார்.

"அந்த வார்டன் அம்மாவ நீ அவ்வளவு பேசியிருக்க வேணாம். பொம்பளைக்கு இவ்வளவு வாய் கூடாது."

பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் டப்பாவில் இன்னும் மூன்று வாய் சாதம் பாக்கி இருந்தது. சண்டை பிடித்தால் அதைத் தின்னமாட்டார். அவர் தின்று முடிக்கும்வரை காத்திருந்தேன். வாயைத் துடைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு நாற்காலியை நன்றாகக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தேன்.