கோலி இறங்காத பீர்

சிதம்பரத்தில் கோலி சோடா போடுவது என் தொழில். பேச வராத ஆளுக்குத் தோதான வேலை. மெஷின் ஓடும்போது யாரும் நம்மிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

கடலூர் முதுநகரில் இருக்கும் என் மனைவியின் தம்பி, போனில் பார்த்துப் பார்த்து வீட்டிலேயே பீர் காய்ச்சியிருந்தான். அவன் மகளுக்குக் காதுகுத்து வந்தது. அதற்கு வரும் தன் மாமனார் வாயால் ஒரு தடவையாவது ‘நல்லாருக்கு மாப்ள’ என்று கேட்டுவிட வேண்டும் என்பது அவன் ஆசை. மாமனார் கடலுக்குப் போகிறவர். காடை வளர்ப்பு, காளான் வளர்ப்பு என்று மருமகன் தொட்டதெல்லாம் பாதியில் நின்றதைச் சொல்லிச் சிரிக்காமல் அந்த வீட்டில் அவர் கை நனைத்ததே இல்லை.

பீர் பாட்டிலுக்கு மூடி அடிக்கும் மெஷின் அவனிடம் இல்லை. கோலி பாட்டிலுக்கு மூடியே தேவையில்லை. உள்ளிருக்கும் கேஸே கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதனால் டிரம்மை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டான்.

“மாமா, சரக்கு செம ஸ்ட்ராங்கு. கோலி ஒக்கார்ற அளவுக்கு லைட்டா கேஸ் வுடு, போதும்.”

ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். ஆறிப்போன கஷாயம் மாதிரி இருந்தது, நாக்கில் சுர்ரென்று ஏறவில்லை. இதற்கு லைட்டாக விட்டால் விசேஷ வீட்டில் மானம் போய்விடும். ஏன் லைட்டாக என்று கேட்கக் கூச்சப்பட்டு, அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் சோடாவுக்கு விடுவதைவிட ஜாஸ்தியாகவே விட்டுவிட்டேன்.

பாட்டில்கள் என் பட்டறையிலேயே சில நாள் ஊறின. காதுகுத்தன்று சின்னக் கிரேட்டில் அடுக்கிக் கடலூர் பஸ் ஏறினேன். வேகத்தடை வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன்.

“என்னாண்ண அது?” என்றார் கண்டக்டர்.

“சோடா.”

“கீழ வைய்யேன். புள்ள மாரி மடியில வச்சிக்கினு வர்ற?”

பந்தி முடிந்ததும் ஆம்பளைகள் வீட்டுக்குப் பின்னால் கூடினார்கள். மச்சான் முதல் பாட்டிலை மாமனாரிடம் நீட்டினான். அவர் கட்டை விரலை வைத்து அழுத்தினார். கோலி அசையவில்லை.

“வல இழுக்குற வெரலுடா இது,” என்று மற்றக் கை விரலையும் சேர்த்து அழுத்தினார். முகம் சிவந்ததுதான் மிச்சம். கோலியைத் தள்ள நான் கொண்டுபோன மரக்கட்டையை வைத்து ஒருவர் குத்தினார். கட்டைதான் பிளந்தது.

“இதுவும் பாதியில நின்னுபோச்சா மாப்ள?” என்றார் மாமனார். எல்லாரும் சிரித்தார்கள்.

மச்சான் என்னை ஓரமாக இழுத்தான். “எவ்ளோ கேஸ் வுட்ட மாமா?”

“கொஞ்சம்தான்.”

“ஐயோ, நான் சக்கர கலந்துருந்தேனே! பாட்டிலுக்குள்ள அதுவே கேஸ் உண்டாக்கும்.”

“நீ சொல்லவே இல்லியே.”

“நீ கேக்கவே இல்லியே!”

அதற்குள் மாமனார், மீன் கொண்டுவந்த ஐஸ் பெட்டிக்குள் எல்லா பாட்டிலையும் புதைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். விரல் தோற்றதில் அவருக்கு ரோஷம். நன்றாகக் குளிர்ந்து கேஸ் கொஞ்சம் அடங்கியபின் ஒன்றை எடுத்து அழுத்தினார். கோலி இறங்கியது. நுரை சாமியானாவைத் தொட்டு, அவர் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. பாட்டிலின் அடியில் இரண்டு மடக்குதான் மிச்சம். யாரும் சிரிக்கவில்லை.

அவர் அதைக் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“எப்பிடி மாமா இருக்கு?” என்றான் மச்சான், பயந்துகொண்டே.

“மீன் நாத்தம் அடிக்கிது,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். “மிச்சத்த எவனும் தொடக் கூடாது.”

சாயந்தரம் ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவேயில்லை. ஆனாலும் மச்சான் தெருமுனை வரை ஆட்டோ பின்னாலேயே சிரித்துக்கொண்டு ஓடினான்.

பாட்டில்கள் என்னுடையவை. திருப்பிக் கேட்க இன்னும் கூச்சமாக இருக்கிறது.